கருப்பையை அகற்ற எந்த வழி? பழைய தழும்பு உள்ள பெண்கள் அறிய வேண்டியவை

(தொலைக்காட்சி மகளிர் நலக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"எனக்கு ஏற்கெனவே இரண்டு முறை வயிற்றைத் திறந்தாயிற்று. இனி துளை போட்டுச் செய்ய முடியாதாமே, டாக்டர்?" கருப்பையை அகற்ற வேண்டிய நிலையில் இருக்கும் பெண்கள் பலர் மருத்துவரிடம் முதலில் கேட்கும் கேள்வி இது. வேறு சிலர் இதற்கு நேர்மாறான எண்ணத்தோடு வருவார்கள். "என் நாத்தனாருக்கு நான்கு சின்னத் துளைதான். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கும் அப்படியே செய்துவிடுங்கள்" என்பார்கள். முதலாமவர் தம் தழும்பைப் பார்த்தே எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார். இரண்டாமவர் தழும்பை ஒரு பொருட்டாகவே கருதவில்லை. இரண்டுமே தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடியவை.

பழைய அறுவை சிகிச்சையின் தழும்பு மருத்துவருக்கு மிக முக்கியமான ஒரு தகவல். ஆனால் எந்த வழியில் கருப்பையை அகற்றுவது என்பதைத் தழும்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. நோய் என்ன, கருப்பை எவ்வளவு பெரியது, அது அசைகிறதா, முன்பு எதற்காக வயிறு திறக்கப்பட்டது, உள்ளே எது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, சிகிச்சை செய்பவருக்கு எதில் கை தேர்ந்திருக்கிறது ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இதை விளக்குவதற்கு ஒரு பெண்ணின் நிலையை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வயது 46. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகளும் சிசேரியன் மூலம் பிறந்தவர்கள். அதற்கும் முன்பு, திருமணத்துக்கு முன்னரே, வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. "அது குடல்வால் அறுவை" என்று அவர் சொல்லி வருகிறார். மாதவிலக்கு வந்தால் எட்டு ஒன்பது நாள் நிற்பதில்லை. வகுப்பில் நின்று பாடம் நடத்த முடியாமல், ஓய்வு நேரத்தில் கழிவறைக்கு ஓட வேண்டிய நிலை. படியேறினால் மூச்சு வாங்குகிறது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8 தான் இருக்கிறது. பெண்களுக்கு அது 12 ஆவது இருக்க வேண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், ஃபைப்ராய்டு எனப்படும் தசைநார்க் கட்டிகளால் கருப்பை 14 வார கர்ப்பத்தின் அளவுக்கு வளர்ந்திருப்பது தெரிய வந்தது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எந்த வழி என்று கேட்பதற்கு முன்னர், அகற்றத்தான் வேண்டுமா என்று கேட்க வேண்டும். வயிற்றில் முன்பே அறுவை நடந்தவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசியம். ஏனெனில் அவர்களுக்கு ஒவ்வோர் அறுவையும் முந்தியதைவிடச் சற்றுக் கடினமானதாகவே இருக்கும்.

புற்றுநோய் அல்லாத காரணங்களுக்கு வேறு சிகிச்சைகள் உண்டு. உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, ஹார்மோன் மருந்துகள், கருப்பைக்குள் பொருத்தப்பட்டு ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும் மிரெனா போன்ற சாதனம், கட்டிக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைக்கும் முறை, கட்டியை மட்டும் அகற்றும் முறை, கருப்பையின் உள்சவ்வை மட்டும் கரிக்கும் முறை ஆகியவை எல்லாருக்கும் பொருந்தாவிட்டாலும் பலருக்குப் போதுமானவை. மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்கியவருக்கு, அதுவரை மருந்தால் சமாளிப்பதே போதுமானதாக இருக்கலாம். மாதவிலக்கு நின்றபின் இந்தக் கட்டிகள் பொதுவாகச் சுருங்கிவிடும்.

நமது ஆசிரியை மாத்திரைகளைச் சாப்பிட்டுப் பார்த்தார். மிரெனாவும் பொருத்தப்பட்டது. கட்டிகள் உள்ள கருப்பையில் அது நழுவி வெளியே வந்துவிடுவது உண்டு. அவருக்கும் அப்படியே ஆயிற்று. உள்சவ்வுத் திசுவைப் பரிசோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. இனிக் குழந்தை வேண்டியதில்லை, இரத்தம் இழந்து இழந்து வாழவும் முடியாது என்ற நிலையில்தான் கருப்பையை அகற்றிவிடலாம் என்று அவரே முடிவு செய்தார்.

மூன்று வழிகள்

கருப்பையை அகற்ற அடிப்படையில் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, வயிற்றைத் திறந்து செய்வது. இரண்டாவது, வயிற்றில் கீறலே இல்லாமல் பிறப்புறுப்பு வழியாக அகற்றுவது. மூன்றாவது, லேப்பரோஸ்கோப்பி எனப்படும் துளைவழி அறுவை. இதில் வயிற்றைக் கரியமில வாயுவால் உப்ப வைத்து, சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்வார்கள். இயந்திரக் கை கொண்டு செய்யும் ரோபோ அறுவையும் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்ததே.

பிறப்புறுப்பு வழி முறை புதியதன்று. ஜெர்மனியின் லாங்கன்பெக் 1813இலேயே அதைச் செய்து காட்டினார். வயிற்றைத் திறந்து அகற்றும் முறையை 1843இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் சார்ல்ஸ் கிளே செய்தபோது நோயாளி பிழைக்கவில்லை. 1853இல் அமெரிக்காவில் வால்டர் பர்னம் செய்தபோதுதான் நோயாளி உயிர் பிழைத்தார். துளைவழி முறையில் கருப்பையை அகற்றியவர் அமெரிக்க மருத்துவர் ஹாரி ரீச். அது நடந்தது 1988இல். மகளிர் அறுவைகளுக்கு ரோபோவைப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதி தந்தது 2005இல்.

எது சிறந்தது? உலக அளவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு, 2015இல் 47 ஆய்வுகளை, 5102 பெண்களின் விவரங்களை ஆராய்ந்தது. புற்றுநோய் அல்லாத காரணங்களுக்கு, முடியுமானால் பிறப்புறுப்பு வழியே மேல் என்பது அதன் முடிவு. அது முடியாதபோது, வயிற்றைத் திறப்பதைவிடத் துளைவழி முறையில் விரைவாக எழுந்து நடமாடலாம். ஆனால் சிறுநீர்ப்பைக்கும் சிறுநீர்க் குழாய்க்கும் காயம் நேரும் வாய்ப்பு துளைவழி முறையில் சற்றுக் கூடுதல் என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் 2017இல் பிறப்புறுப்பு வழியையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. சிசேரியன் செய்துகொண்டவர் என்பதற்காக மட்டும் இந்த வழியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

தழும்பின் அடியில் இருப்பது என்ன?

வெளியே தெரியும் தழும்பு தோலில் இருப்பது. மருத்துவரைக் கவலைப்படுத்துவது உள்ளே இருக்கக்கூடிய ஒட்டுகள். வயிற்றுக்குள் உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு அசையும்படி மெல்லிய சவ்வினால் மூடப்பட்டிருக்கின்றன. அறுவையாலோ, சீழ் பிடித்ததாலோ அந்தச் சவ்வு புண்படும்போது, ஆறும் வேளையில் இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். சில ஒட்டுகள் சிலந்தி வலைபோல் மெல்லியவை, தொட்டால் விலகும். சில, தோல்பட்டைபோல் கெட்டியானவை. குடலும் வயிற்றுச் சுவரும் ஒரே துணியில் தைத்ததுபோல் ஆகிவிடும்.

எல்லாத் தழும்பும் ஒரே அளவு ஒட்டுவதில்லை. தொப்புளுக்கு அடியில் ஒட்டு இருக்கிறதா என்று பார்த்த ஆய்வுகளில், வயிற்றில் எந்த அறுவையும் நடக்காதவர்களில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களிடமே அது காணப்பட்டது. அடிவயிற்றில் குறுக்குவாட்டில் கீறப்பட்டவர்களில் சுமார் 20 விழுக்காட்டினருக்கும், நடுவயிற்றில் மேலிருந்து கீழாகக் கீறப்பட்டவர்களில் சுமார் 50 விழுக்காட்டினருக்கும் ஒட்டு இருந்தது. துளைவழி அறுவையில் முதல் துளையை வழக்கமாகத் தொப்புளில்தான் போடுவார்கள். அதனால்தான் நெடுக்குத் தழும்பைக் கண்டதும் மருத்துவர் எச்சரிக்கையாகிறார். அங்கே கண்ணை மூடிக்கொண்டு ஊசியை நுழைத்தால் குடலில் குத்திவிடக்கூடும்.

அறுவை எதற்காக நடந்தது என்பதும் முக்கியம். சிசேரியனுக்குப் பிறகு, கருப்பையின் முன்பக்கத்தில் சிறுநீர்ப்பை இழுத்து ஒட்டியிருக்கலாம். கருப்பையே வயிற்றுச் சுவரில் ஒட்டித் தொங்குவதும் உண்டு. சாதாரணமாகக் குடல்வால் எடுத்தவருக்கு அதிகச் சிக்கல் இருக்காது. குடல்வால் வெடித்துச் சீழ் பரவியவருக்குக் குடல் சுருள்கள் ஒட்டியிருக்கக்கூடும். கட்டியை மட்டும் அகற்றிய அறுவை கருப்பையின் மேலேயே புண்களை விட்டுச் செல்லும். எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்காகத் திறந்திருந்தால், அறுவையைவிட அந்த நோயே கருப்பையின் பின்பக்கம் குடலை இழுத்து ஒட்ட வைத்திருக்கும். பித்தப்பைக்காக மேல்வயிற்றில் செய்ததோ கருப்பையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. குடலிறக்கத்துக்குத் தொப்புளில் வலை வைத்துத் தைத்திருந்தால், அந்த இடத்தில் துளை போடக் கூடாது என்பது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

சொல்லாமல் விட்ட ஒரு விவரம்

நமது ஆசிரியையைப் பரிசோதித்த மருத்துவர் அவர் வயிற்றில் இரண்டு தழும்புகளைப் பார்த்தார். ஒன்று சிசேரியனுக்கான குறுக்குத் தழும்பு. மற்றது தொப்புளுக்குக் கீழே நெடுக்காக இறங்கிய பழைய தழும்பு.

"டீச்சர், குடல்வாலுக்கு வழக்கமாக வலப்பக்கம் சிறிதாகத்தான் கீறுவார்கள். உங்களுக்கு ஏன் நடுவில்? வெடித்துவிட்டதா?" என்று மருத்துவர் கேட்டார்.

உடன் வந்திருந்த மாமியார் அருகிலேயே அமர்ந்திருந்தார். ஆசிரியை பதில் சொல்லவில்லை. மருத்துவர் புரிந்துகொண்டு, பரிசோதனை செய்ய வேண்டும் என்று மாமியாரை வெளியே காத்திருக்கச் சொன்னார். தாதியும் மருத்துவரும் மட்டும் இருந்தபோது ஆசிரியை வாய் திறந்தார். 19 வயதில் அவருக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி முறுக்கிக்கொண்டு, அவசரமாக வயிற்றைத் திறந்து ஒரு பக்கச் சினைப்பையை எடுத்துவிட்டார்கள். "பிள்ளை பிறக்காதோ என்று மாப்பிள்ளை வீட்டார் பயந்துவிடுவார்கள். யார் கேட்டாலும் குடல்வால் என்று சொல்லம்மா" என்று அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்தார். 27 ஆண்டுகளாக அதையே அவர் சொல்லி வந்திருக்கிறார். இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகும் அந்தப் பேச்சை மாற்ற அவருக்குத் துணிவு வரவில்லை.

இந்த ஒரு விவரத்தால் மருத்துவரின் திட்டம் மாறியது. ஒரு சினைப்பைதான் இருக்கிறது என்றால், மாதவிலக்கு நிற்காத வயதில் அதைக் காரணமின்றி எடுக்கக் கூடாது. எடுத்தால் திடீரென மாதவிலக்கு நின்று, உடல் சூடு, தூக்கமின்மை, எலும்புத் தேய்வு என்று தொல்லைகள் வரும். பழைய அறுவை நடந்த பக்கத்தில் சிறுநீர்க் குழாய் இடம் மாறி இழுபட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் சமூகத்தில் இப்படி மறைக்கப்படும் அறுவைகள் குறைவல்ல. திருமணத்துக்கு முந்திய நீர்க்கட்டி, குழாயில் தங்கிய கரு, கருக்கலைப்பு, கணவருக்குத் தெரியாத கருத்தடை என்று பல உண்டு. வீட்டாரிடம் சொல்வதும் சொல்லாததும் அந்தப் பெண்ணின் விருப்பம். மருத்துவரிடம் மட்டும் மறைக்கக் கூடாது. "தனியாகப் பேச வேண்டும்" என்று கேட்பது அவருடைய உரிமை. அவர் சொன்னதை மருத்துவர் வெளியே சொல்லமாட்டார். பழைய மருத்துவமனையில் தந்த குறிப்புகள் வீட்டில் இருந்தால் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் அந்த மருத்துவமனையில் கேட்டுப் பெற முயல வேண்டும். "ஒட்டுகள் அதிகம்" என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்தால், அது பத்து ஸ்கேன்களுக்குச் சமம்.

மருத்துவர் எப்படி முடிவு செய்கிறார்?

முதலில் கையால் பரிசோதிக்கிறார். கருப்பை கீழே இறங்கி அசைகிறதா, கருப்பை வாய் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறார். கருப்பை வாய் எட்டாத உயரத்துக்கு மேலே இழுக்கப்பட்டிருந்தால், கருப்பை வயிற்றுச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று ஐயுறலாம். அத்தகைய நிலையில் பிறப்புறுப்பு வழி பொருந்தாது.

ஒட்டுகளை ஸ்கேன் படத்தில் நேராகக் காண்பது கடினம். ஆனால் ஒரு வழி உண்டு. நோயாளியை ஆழமாக மூச்சு விடச் சொல்லி ஸ்கேன் கருவியை வயிற்றின்மேல் வைத்தால், உள்ளே குடல் வழுக்கி நகர்வது தெரியும். ஓரிடத்தில் மட்டும் நகராமல் நின்றால் அங்கே ஒட்டு இருக்கிறது என்று கொள்ளலாம்.

துளைவழி செய்வதென்றால், தொப்புளைத் தவிர்த்து வேறிடத்தில் முதல் துளையைப் போடலாம். இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளியுள்ள இடம் பெரும்பாலும் ஒட்டு இல்லாத இடம். பிரெஞ்சு மருத்துவர் ராவுல் பால்மரின் பெயரால் அது பால்மர் புள்ளி எனப்படுகிறது. இரைப்பையைக் குழாய் மூலம் காலி செய்துவிட்டு அங்கே நுழைந்து, கேமராவால் உள்ளே பார்த்த பிறகு மற்றத் துளைகளைப் போடுவார்கள். இரைப்பையில் அறுவை நடந்தவர்களுக்கும் மண்ணீரல் வீங்கியவர்களுக்கும் இந்த இடம் ஏற்றதல்ல.

சிசேரியன் நடந்தவர்களுக்கு மிகக் கவனமான கட்டம், சிறுநீர்ப்பையைக் கருப்பையிலிருந்து பிரிப்பது. நடுவில் தழும்பு கெட்டியாக இருந்தால் ஓரங்களிலிருந்து பிரித்துக்கொண்டு வருவார்கள். சிறுநீர்ப்பையை நீரால் நிரப்பி அதன் எல்லையைக் கண்டுகொள்வார்கள். நிறம் கலந்த நீராக இருந்தால், எங்காவது ஓட்டை விழுந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். சிறுநீர்ப்பையில் விழும் காயம் அப்போதே கண்டுபிடிக்கப்பட்டுத் தைக்கப்பட்டால் பெரும்பாலும் நன்றாக ஆறிவிடும். தெரியாமல் விடப்படுவதே ஆபத்து.

சில நிலைகளில் வயிற்றைத் திறப்பதே சரி. கருப்பை மிகப் பெரியது, ஒட்டுகள் மிகக் கெட்டி, துளைவழியில் அனுபவமுள்ளவர் இல்லை என்றால் திறந்து செய்வதே பாதுகாப்பு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பெரிய அறுவையும் இதில் அடங்கும். அந்நோயின் தொடக்க நிலையில் துளைவழி செய்தவர்களைவிடத் திறந்து செய்தவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்று 2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. பெரிய கட்டியைத் துளை வழியே எடுக்க, அதை வயிற்றுக்குள் மின்கருவியால் துண்டாக்குவது குறித்தும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தது. கட்டிக்குள் மறைந்திருக்கும் புற்று பரவிவிடலாம் என்பதே காரணம்.

பக்கத்துப் படுக்கையும் அதே நாளில்

நமது ஆசிரியைக்கு முதலில் இரும்புச் சத்து மருந்து நரம்பு வழி செலுத்தப்பட்டு இரத்தம் ஏற்றமடைய வைக்கப்பட்டது. பரிசோதனையில் அவருடைய கருப்பை வாய் மேலே இழுபட்டிருந்தது, கருப்பை அசையவில்லை. ஆகவே பிறப்புறுப்பு வழி இல்லை என்றாயிற்று. தொப்புளின் கீழே ஸ்கேனில் அசைவு தெரியவில்லை. "விலா எலும்புக்குக் கீழே துளை போட்டு உள்ளே பார்ப்போம். பிரிக்க முடிந்தால் துளைவழியே முடிப்போம். முடியாது என்று தோன்றினால் திறந்துவிடுவோம். இரண்டுக்கும் உங்கள் சம்மதம் வேண்டும்" என்றார் மருத்துவர். ஆசிரியை கையெழுத்திட்டார்.

அன்று காலை அதே வார்டில் இன்னொரு பெண். அவருக்கும் இரண்டு சிசேரியன். அவருடைய கருப்பை சிறியது, நன்றாக அசைந்தது, சற்று இறங்கியும் இருந்தது. பிறப்புறுப்பு வழியாகவே அகற்றப்பட்டு, மறுநாள் நடந்து வீட்டுக்குப் போனார். வயிற்றில் புதிய கீறல் ஒன்றுகூட இல்லை.

ஆசிரியைக்கு அப்படி அமையவில்லை. பால்மர் புள்ளி வழியே கேமரா பாதுகாப்பாக உள்ளே சென்றது. குடலைப் போர்த்தும் கொழுப்புத் திரை நெடுக்குத் தழும்பின் அடியில் ஒட்டியிருந்தது. அதைப் பிரித்தார்கள். ஆனால் கருப்பையின் முன்பக்கம் முழுவதும் சிறுநீர்ப்பை கல்போல் ஒட்டியிருந்தது. ஓரங்களிலிருந்து முயன்றும் வழி கிடைக்கவில்லை. மருத்துவர் நிறுத்தினார். பழைய சிசேரியன் தழும்பின் மேலேயே கீறித் திறந்து, விரலால் உணர்ந்தபடி மெதுவாகப் பிரித்துக் கருப்பையை அகற்றினார். சிறுநீர்ப்பைக்குக் காயமில்லை. இருந்த ஒரே சினைப்பை காப்பாற்றப்பட்டது.

மயக்கம் தெளிந்ததும் ஆசிரியை வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பெரிய கட்டு இருந்தது. கண் கலங்கினார். "துளையில் முடியவில்லையா, டாக்டர்?"

"முடித்திருக்கலாம், டீச்சர். சிறுநீர்ப்பையைக் கிழித்துக்கொண்டு முடித்திருக்கலாம்" என்றார் மருத்துவர். "நீங்கள் அன்றைக்கு உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் தொப்புளில்தான் நுழைந்திருப்பேன். மிச்சமிருந்த சினைப்பையின் அருமையும் எனக்குத் தெரிந்திருக்காது."

துளைவழி தொடங்கி வயிற்றைத் திறக்க நேர்வதைப் பலர் தோல்வி என்று நினைக்கிறார்கள். அது தோல்வி அன்று. நோயாளியின் உறுப்புகளுக்கு ஆபத்து வருமுன் வழியை மாற்றிக்கொள்வது நல்ல மருத்துவரின் அடையாளம். எந்த நிலையிலும் திறக்கவே மாட்டேன் என்று உறுதி கூறுகிறவரிடம்தான் சற்று யோசிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. சிகிச்சையில் உள்ள ஆபத்துகளை எடுத்துச் சொல்வதில், மற்ற மருத்துவர்களின் வழக்கம் என்ன என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. அந்த நோயாளி முடிவெடுக்கத் தேவையான ஆபத்துகள் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். ஆகவே கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். கீழ்க்காணும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம்.

எனக்குக் கருப்பையை அகற்றாமல் வேறு சிகிச்சை உண்டா? பிறப்புறுப்பு வழி எனக்குப் பொருந்துமா, பொருந்தாவிட்டால் ஏன்? என் பழைய அறுவையால் எந்த உறுப்பு ஆபத்தில் இருக்கிறது? முதல் துளையை எங்கே போடுவீர்கள்? என்னைப்போல் பழைய தழும்பு உள்ளவர்களுக்கு இந்த முறையில் நீங்கள் அடிக்கடி செய்வதுண்டா? இடையில் திறக்க நேருமா? குடலோ சிறுநீர்ப்பையோ காயப்பட்டால் அதற்கான நிபுணர் அங்கேயே இருப்பாரா? சினைப்பையும் கருப்பை வாயும் என்னவாகும்? கருப்பை வாயை விட்டுவைத்தால் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடர வேண்டும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

செலவையும் முன்னரே கேட்டுவிட வேண்டும். தனியார் மருத்துவமனையில் துளைவழி முறைக்கும் ரோபோ முறைக்கும் கட்டணம் கூடும். மருத்துவ அட்டை வைத்திருப்போர், திட்டமிட்ட முறைக்கு மட்டுமன்றி, திறந்து செய்ய நேர்ந்தால் ஆகும் கூடுதல் நாட்களுக்கும் காப்புறுதி உண்டா என்று கேட்க வேண்டும். ரோபோ என்ற பெயரே சிறந்த பலனுக்கு உத்தரவாதம் ஆகாது. அதை இயக்கும் கைகளின் அனுபவமே முக்கியம்.

வீட்டுக்கு வந்த பிறகு

துளைவழி அல்லது பிறப்புறுப்பு வழி செய்துகொண்டவர்கள் பொதுவாக ஒன்றிரண்டு நாளில் வீடு திரும்பி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம். வயிற்றைத் திறந்தவர்களுக்குச் சுமார் ஆறு வாரம் பிடிக்கும். எந்த வழியாயினும் உள்ளே போட்ட தையல் ஆற ஒரே காலம்தான் ஆகும். வெளியே துளை சிறியது என்பதற்காக மூன்றாம் நாளே அரிசி மூட்டையைத் தூக்கக் கூடாது. கனமானவற்றைத் தூக்குவதையும் தாம்பத்திய உறவையும் ஆறு முதல் எட்டு வாரம் தள்ளிவைக்க வேண்டும். அதுவரை துணி துவைப்பதும் வீடு பெருக்குவதும் யார் பொறுப்பு என்பதைக் கணவரும் பிள்ளைகளும் அறுவைக்கு முன்பே பேசி முடித்துக்கொள்வது நல்லது.

சில அறிகுறிகளைக் கண்டால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. வலி நாளுக்கு நாள் குறைவதற்குப் பதில் கூடுவது, வயிறு உப்புவது, வாந்தி, காய்ச்சல், அதிக உதிரப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். பிறப்புறுப்பு வழியே தண்ணீர்போல் சிறுநீர் கசிவது சில நாட்களோ சில வாரங்களோ கழித்துக்கூடத் தெரியலாம். "அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்" என்று பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. குடலில் சிறு காயம் பட்டிருந்தால் அதுவும் வீட்டுக்கு வந்த பிறகே வெளிப்படலாம். முன்பு வயிறு திறக்கப்பட்டவர்கள் இதில் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

நமது ஆசிரியை நான்காம் நாள் வீடு திரும்பினார். ஆறு வாரம் கழித்துப் பள்ளிக்குச் சென்றார். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டது. முழுப் பாடவேளையும் நின்றபடியே பாடம் நடத்துகிறார். மாமியாரிடம் அந்தப் பழைய கதையை அவர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அடுத்து எந்த மருத்துவரைப் பார்த்தாலும் கொடுப்பதற்கு, தமக்கு நடந்த அறுவைகள் அனைத்தையும் ஆண்டு வாரியாக எழுதிய ஒரு தாளைக் கைப்பையில் வைத்திருக்கிறார். முதல் வரியில் 19 வயதில் நடந்தது இருக்கிறது.

வயிற்றில் தழும்பு உள்ள ஒவ்வொரு பெண்ணும் அப்படி ஒரு தாளை இன்றே எழுதி வைத்துக்கொள்ளலாம். எந்த வழி என்ற கேள்விக்குச் சரியான விடை அந்தத் தாளிலிருந்துதான் தொடங்குகிறது.